கொலை நடந்த இடத்தில் இல்லாதவர் கொலையாளி ஆவது எப்படி? அமெரிக்கக் குற்றவியல் சட்டத்தின் அடிப்படைகள்

கேள்வி: ஃபுளோரிடாவில் ஒருவர் தன் காரை இரவல் கொடுத்தார். அந்தக் காரில் போனவர்கள் கொலை செய்துவிட்டார்கள். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கார்க்காரருக்கும் ஆயுள் தண்டனை என்று படித்தேன். இது எப்படி நியாயம்? அமெரிக்கக் குற்றவியல் சட்டம் எந்த அடிப்படையில் இயங்குகிறது?

பதில்:

நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்பு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று புரிய வேண்டுமானால், எந்த விதியிலிருந்து அது விலகியது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். அதனால் கார் வழக்கைக் கொஞ்சம் தள்ளிவைத்து, வேறோரிடத்தில் தொடங்குகிறேன்.

அதற்கும் முன்பு ஒரு விஷயம். அமெரிக்காவுக்கென்று ஒரே குற்றவியல் சட்டம் கிடையாது. 50 மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டம், அதற்கு மேல் நாடு முழுமைக்கும் பொதுவான ஃபெடரல் சட்டம். கொலை, திருட்டு, அடிதடி எல்லாம் பெரும்பாலும் மாநிலத்தின் பொறுப்பு. ஒரு மாநிலத்தில் ஆயுள் முழுக்கச் சிறை என்பது பக்கத்து மாநிலத்தில் சில வருடங்களில் முடிந்துவிடலாம். 1962-இல் அமெரிக்கன் லா இன்ஸ்டிட்யூட் என்ற சட்ட அறிஞர்களின் அமைப்பு ‘மாடல் பீனல் கோட்’ என்று ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதியது. அது எங்கும் நேரடியாகச் செல்லாது, ஆனால் பல மாநிலங்கள் அதைப் பார்த்துத் தங்கள் சட்டங்களைத் திருத்தி எழுதின. கீழே நான் சொல்வதில் பாதி அதிலிருந்து வருவது.

இப்போது மிச்சிகன் மாநிலத்துக்கு வருவோம். காட்டுப் பகுதி ஒன்றில் விமானப்படை குண்டு வீசிப் பழகும் திடல் இருந்தது. ‘ஆபத்து, உள்ளே வராதீர்கள்’ என்று பலகைகள் உண்டு; ஆனாலும் மான் வேட்டைக்கு நல்ல இடம் என்று ஊர்க்காரர்கள் போய்வருவார்கள். வீசி முடித்த குண்டுகளின் வெற்றுக் கூடுகளைக் குவியல் குவியலாகக் கொட்டி வைத்திருந்தார்கள். நான்கு வருடமாக மழையிலும் பனியிலும் துருப்பிடித்துக் கிடந்த குவியல்களும் அதில் உண்டு. 1948 டிசம்பரில் மோரிசெட் என்பவர் வேட்டைக்குப் போனார். கோடையில் பழக்கடை, குளிர்காலத்தில் லாரி ஓட்டுவதும் பழைய இரும்பு வாங்கி விற்பதும் அவர் பிழைப்பு. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றித் திரும்பியவர். மான் கிடைக்கவில்லை. வந்த செலவையாவது எடுப்போம் என்று மூன்று டன் கூடுகளை லாரியில் ஏற்றி, பக்கத்துப் பண்ணையில் டிராக்டரை ஏற்றி நசுக்கி, ஃப்ளின்ட் நகரத்தில் விற்றார். கிடைத்தது 84 டாலர். எல்லாம் பட்டப்பகலில், போவோர் வருவோர் கண்ணெதிரே. விசாரணைக்கு வந்தவர்களிடமும் நடந்ததை அப்படியே சொன்னார்: யாருக்கும் வேண்டாம் என்று கழித்துப் போட்டது என நினைத்தேன், திருட நினைக்கவில்லை.

அரசுச் சொத்தை அபகரித்ததாக வழக்கு. கீழ்நீதிமன்ற நீதிபதி அவர் என்ன நினைத்தார் என்பதைக் கேட்கவே மறுத்தார். எடுத்தாரா, எடுத்தார், அது அரசுடையதா, ஆம், முடிந்தது. இரண்டு மாதச் சிறை அல்லது 200 டாலர் அபராதம். உச்ச நீதிமன்றம் 1952-இல் அதை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் ராபர்ட் ஜாக்சன், நியூரம்பர்க் விசாரணையில் அமெரிக்காவின் சார்பில் நாஜித் தலைவர்கள் மீது வழக்கு நடத்தியவர். ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல அவர் கை செய்தது மட்டும் போதாது, மனமும் அதில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது ஏதோ ஓர் ஊர் வழக்கமோ ஒரு காலத்து நினைப்போ அல்ல, முதிர்ந்த சட்டமுறைகள் எல்லாவற்றிலும் ஊறிய கருத்து என்பது அவர் வாதத்தின் சாரம். 84 டாலர் இரும்புக்காக உச்ச நீதிமன்றம் இவ்வளவு மெனக்கெட்டதை நான் மிகவும் மதிக்கிறேன். நீங்கள் கேட்ட ‘அடிப்படை’ இதுதான்: செயல் வேண்டும், அதோடு குற்ற மனமும் வேண்டும். அரசுத் தரப்பு இரண்டையும் நிரூபிக்க வேண்டும்.

செயல் என்றால் தன் விருப்பத்தில் செய்தது. 1944-இல் அலபாமாவில் நடந்த வழக்கு இதற்குப் பாடம். குடித்துவிட்டு வீட்டில் இருந்தவரைப் போலீசார் பிடித்து நெடுஞ்சாலைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு, பொது இடத்தில் குடிபோதையில் ரகளை செய்ததாக வழக்குப் போட்டார்கள். பொது இடத்துக்கு அவர் வரவில்லை, கொண்டுவரப்பட்டார் என்று மேல்நீதிமன்றம் விடுவித்தது. அதேபோல் ஒருவர் என்னவாக இருக்கிறார் என்பதற்காகத் தண்டிக்க முடியாது. போதைக்கு அடிமையாக இருப்பதையே குற்றமாக்கிய கலிஃபோர்னியா சட்டத்தை 1962-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வைத்திருந்தாய், விற்றாய் என்று தண்டிக்கலாம். நோயாளியாக இருக்கிறாய் என்று தண்டிக்கக் கூடாது.

மனம்தான் சிக்கலான பகுதி. மாடல் பீனல் கோட் அதை நான்கு படிகளாகப் பிரிக்கிறது: வேண்டுமென்றே செய்வது, விளைவு நிச்சயம் என்று தெரிந்தே செய்வது, ஆபத்து தெரிந்தும் பொருட்படுத்தாமல் துணிவது, தெரிந்திருக்க வேண்டிய ஆபத்தைக் கவனிக்கத் தவறுவது.

முதல் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? 1955 நவம்பர் 1 அன்று டென்வரிலிருந்து கிளம்பிய யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் வானிலேயே வெடித்து 44 பேர் இறந்தார்கள். காப்பீட்டுப் பணத்துக்காகத் தாயின் பெட்டியில் மகனே டைனமைட் வைத்து அனுப்பியிருந்தான். அவன் சாகடிக்க விரும்பியது தாயை. மற்ற 43 பேர் மீது அவனுக்குப் பகையில்லை. ஆனால் அவர்களும் சாவார்கள் என்று தெரியும். முதலாவது வேண்டுமென்றே, இரண்டாவது தெரிந்தே. சட்டம் இரண்டையும் ஏறக்குறைய ஒரே தட்டில்தான் வைக்கிறது.

மூன்றாம் படிக்கு பாஸ்டன். 1942 நவம்பர் 28 இரவு கோகோநட் குரோவ் என்ற கேளிக்கை விடுதியில் தீப்பிடித்து 492 பேர் செத்தார்கள். அவசர வழிக் கதவு பூட்டிக் கிடந்தது, மற்ற வழிகளும் ஓடித் தப்ப உதவவில்லை. உரிமையாளர் அன்று விடுதியிலேயே இல்லை, உடம்பு சரியில்லாமல் மருத்துவமனையில் படுத்திருந்தார். தீ வைத்தவரும் அவரல்ல. ஆனாலும் மரணம் விளைவித்த குற்றவாளி என்றே தீர்ப்பு, 1944-இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கூட்டம் நிரம்பி வழியும் இடத்தில் கதவைப் பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பொருட்படுத்தாமல் விடுதியை நடத்தியதே குற்றம். சம்பவ இடத்தில் இல்லாதவர் எப்படிக் குற்றவாளி ஆவார் என்று கேட்டீர்களே, இங்கே அதற்கு நியாயமான ஒரு பதில் இருக்கிறது. தவறு உரிமையாளருடையது, அது அவர் மனத்திலேயே தொடங்கியது.

நான்காம் படியில் எனக்குச் சட்டத்தின் மேல் நம்பிக்கை தடுமாறுகிறது. வாஷிங்டன் மாநிலத்தில் ஓர் இளம் தம்பதி, அமெரிக்கப் பழங்குடியினர், அதிகம் படிக்காதவர்கள். 17 மாதக் குழந்தைக்குப் பல்லில் சீழ் வைத்துக் கன்னம் வீங்கியது. பல்வலி என்று நினைத்து ஆஸ்பிரின் கொடுத்தார்கள். டாக்டரிடம் போனால் கன்னத்தின் வீக்கத்தைப் பார்த்துவிட்டு, பெற்றோர் சரியில்லை என்று அரசு குழந்தையைப் பிடுங்கிக்கொள்ளும் என்று பயந்தார்கள். குழந்தை இறந்தது. சாதாரணக் கவனக்குறைவே போதும் என்று அன்றைய மாநிலச் சட்டம் சொன்னதால், 1971-இல் இருவருக்கும் எதிரான தீர்ப்பு உறுதியானது. பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து எடுப்பது அந்தக் காலத்தில் பரவலாக நடந்தது. அவர்கள் பயத்துக்குக் காரணம் இருந்தது. குழந்தையைப் பறிகொடுத்த இவர்களைத் தண்டித்ததில் யாருக்கு என்ன பாதுகாப்பு கிடைத்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. இப்போது பெரும்பாலான மாநிலங்களில் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான கவனக்குறைவு இருந்தால்தான் குற்றமாகும்.

செய்திகளில் வரும் ‘முதல் டிகிரி’, ‘இரண்டாம் டிகிரி’ கொலை எல்லாம் இந்த மனநிலைகளைத் தரம் பிரிப்பதுதான். 1794-இல் பென்சில்வேனியா இதைத் தொடங்கியது. எல்லாக் கொலைக்கும் தூக்கு என்றிருந்ததை மாற்றி, முன்கூட்டியே திட்டமிட்ட கொலை போன்ற மிகக் கொடியவற்றுக்கு மட்டும் தூக்கு என்று சுருக்குவது நோக்கம். இன்று ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டப்படி டிகிரிகளை வகுத்திருக்கிறது. ஆத்திரமூட்டப்பட்டு அந்தச் சூட்டில் கொல்வது, கொல்லும் எண்ணமின்றிச் சாவுக்குக் காரணமாவது ஆகியவை ‘மேன்ஸ்லாட்டர்’ என்ற கீழ்த்தட்டில் வரும்.

இனி உங்கள் கார் வழக்கு. இவ்வளவு கவனமாக மனத்தை அளக்கும் அதே சட்டத்தில் ‘ஃபெலனி மர்டர்’ என்று ஒரு விதி இருக்கிறது. ஃபெலனி என்றால் பொதுவாக ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய கடுங்குற்றம். கொள்ளை, வீடுபுகுதல், தீவைப்பு, கடத்தல், பாலியல் வன்கொடுமை போன்ற ஆபத்தான ஃபெலனி ஒன்றைச் செய்யும்போது யாராவது செத்தால், கொல்லும் எண்ணம் இருந்ததா என்று கேட்கத் தேவையில்லை, அது கொலை. அந்தக் குற்றத்தில் பங்கெடுத்த அத்தனை பேரும் கொலையாளிகள். இதோடு உடந்தை பற்றிய விதி சேர்கிறது: குற்றம் செய்ய உதவியவர், செய்தவருக்குச் சமம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் காரைக் கொடுத்தவர் கொலையாளி ஆகிவிடுகிறார்.

நடந்தது 2003 மார்ச் மாதம், பென்சகோலா நகரில். காரைக் கொடுத்த இளைஞருக்கு வயது 20. இரவு முழுக்க விருந்து. விடியற்காலையில், கூடத் தங்கியிருந்தவர் கார் சாவியைக் கேட்டார், இவர் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனார். காரில் போனவர்கள் கஞ்சா விற்கும் ஒருவரின் வீட்டிலிருந்த பணப்பெட்டியைத் திருடப் போனார்கள். அங்கிருந்த 18 வயதுப் பெண்ணை அவர்களில் ஒருவன் அடித்தே கொன்றான். திருட்டைப் பற்றிப் பேசிக்கொண்டது காதில் விழுந்தது, விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன் என்றார் இளைஞர். பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்து அமர்த்தப்படும் ஜூரி நம்பவில்லை. கார் இல்லாவிட்டால் கொலையே நடந்திருக்காது என்பது அரசுத் தரப்பின் வாதம். பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. 2015-இல் ஆளுநர் அதை 25 வருடமாகக் குறைத்தார்.

திருட்டுக்கு உதவினார் என்று தண்டித்திருந்தால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கொலைக்கு? குண்டுக் கூடு பொறுக்கியவரின் மனத்தில் என்ன இருந்தது என்று அவ்வளவு தூரம் பார்த்த சட்டம், இந்தப் பையனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. இந்த விதியைப் பெற்றுத் தந்த இங்கிலாந்தே 1957-இல் அதைக் கைவிட்டது. அமெரிக்காவில் ஹவாயும் கென்டக்கியும் சட்டம் மூலம் நீக்கின. மிச்சிகன் நீதிமன்றம் 1980-இல் நீக்கியது. கலிஃபோர்னியா 2018-இல் கடுமையாகச் சுருக்கியது: நேரில் கொல்லாதவர், கொலைக்கு எண்ணத்தோடு உதவியிருந்தாலோ அல்லது மனித உயிரைத் துச்சமாக மதித்து அந்தக் குற்றத்தில் பெரும்பங்கு எடுத்திருந்தாலோதான் பொதுவாகக் கொலையாளி ஆவார். முன்பு தண்டனை பெற்றவர்களும் மனுப் போடலாம். 1982-இல் உச்ச நீதிமன்றமும் ஒரு வரம்பு போட்டது. கொள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு தப்பிக்கக் காரில் காத்திருந்தவருக்குத் தூக்குத் தண்டனை கொடுத்திருந்த ஃபுளோரிடா வழக்கு அது. தானும் கொல்லாமல், கொல்லவும் நினைக்காமல் இருந்தவரைத் தூக்கிலிட முடியாது என்றது. ஆயுள் தண்டனைக்கு அந்த வரம்பு இல்லை.

ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போலீஸ் பிடியில் உயிரிழந்த கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திய போலீஸ்காரர் டெரெக் ஷாவின் 2021 ஏப்ரலில் தண்டிக்கப்பட்டபோது, மூன்று குற்றங்களில் பெரியது இதே விதியின் மினசோட்டா வடிவம்தான். கொல்ல நினைத்தார் என்று அரசு நிரூபிக்கவில்லை, நிரூபிக்கத் தேவையும் இருக்கவில்லை. தாக்குதல் ஒரு ஃபெலனி, அதில் உயிர் போனது, எனவே இரண்டாம் டிகிரிக் கொலை. இருபத்திரண்டரை வருடம். பல மாநிலங்களில் தாக்குதலையே அடிப்படையாக வைத்து இந்த விதியைப் பயன்படுத்த முடியாது. அன்று தீர்ப்பை வரவேற்ற பலரும் எந்த விதி அதைத் தந்தது என்று யோசித்திருக்க மாட்டார்கள். என்னைப் பொறுத்தவரை இரண்டு வழக்கும் ஒன்றல்ல. ஷாவின் ஒன்பது நிமிடத்துக்கும் மேலாகத் தானே அழுத்திக்கொண்டிருந்தார், சுற்றி நின்றவர்கள் கெஞ்சியது அவர் காதில் விழுந்தது. விதியில்லாமலேயே அந்த மனநிலையைத் தண்டிக்க மூன்றாம் படி போதும். ஜூரி அந்த வகைக் குற்றங்களிலும் அவரைக் குற்றவாளி என்றே சொன்னது.

உடந்தை விதிக்கு ஒரு தம்பி உண்டு: கூட்டுச்சதி. குற்றம் செய்யலாம் என்று ஒத்துக்கொள்வதே தனிக் குற்றம். 1946-இல் பிங்கர்டன் என்ற சகோதரர்களின் கள்ளச் சாராய வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. சதியை முன்னெடுக்கக் கூட்டாளி செய்வதற்கெல்லாம் மற்றவரும் பொறுப்பு என்றது. அண்ணன் தம்பி இருவரில் ஒருவர் சிறையில் இருந்த நேரத்தில் மற்றவர் செய்த குற்றங்களும் சிறையில் இருந்தவர் கணக்கில் ஏறின. ஃபெடரல் போதைப்பொருள் வழக்குகளில் சின்ன வேலை பார்த்தவர்கள் பெரிய தண்டனையில் மாட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எதிர்வாதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தற்காப்பு என்றால் உடனடி ஆபத்து, நியாயமான நம்பிக்கை, அளவான பலம் மூன்றும் வேண்டும். தப்பிக்க வழியிருந்தால் விலகிப் போக வேண்டுமா என்பதில் மாநிலங்கள் பிரிகின்றன. சொந்த வீட்டில் விலக வேண்டியதில்லை என்பது பழைய விதி. ஃபுளோரிடா 2005-இல் அதைத் தெருவுக்கும் நீட்டியது, பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. மனநோய் வாதம் சினிமாவில் வருவதுபோல் சுலபமான தப்பும் வழி அல்ல. 1981-இல் ஜனாதிபதி ரீகனைச் சுட்டவர் இந்த வாதத்தில் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பானதும் நாடே கொதித்தது. 1984-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஃபெடரல் சட்டத்தை இறுக்கி, நிரூபிக்கும் பாரத்தைக் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் வைத்தது. சுட்டவரோ வீட்டுக்குப் போகவில்லை, 2016 வரை மனநல மருத்துவமனையின் பிடியில்தான் இருந்தார்.

ஆனால் குற்றத்தின் ஒவ்வொரு கூறையும் நிரூபிக்கும் பாரம் அரசுடையது. 112 டாலர் திருடியதாகப் பிடிபட்ட 12 வயதுச் சிறுவனின் வழக்கில்தான், 1970-இல், நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்பது அரசியலமைப்பே தரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. 2020-இலிருந்து எல்லா மாநிலங்களிலும் கடுங்குற்ற வழக்குகளில் ஜூரி ஒருமனதாக இருந்தால்தான் தண்டனை.

ஆனால் இந்தப் பாதுகாப்புகளைப் பெரும்பாலானோர் கண்ணாலேயே பார்ப்பதில்லை. 2012-இல் உச்ச நீதிமன்றமே எடுத்துச் சொன்ன கணக்கு: ஃபெடரல் தண்டனைகளில் 97 சதவீதம், மாநிலத் தண்டனைகளில் 94 சதவீதம், விசாரணையே இல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டு முடிந்தவை. இதைத்தான் ‘ப்ளீ பார்கெயின்’ என்கிறார்கள். பேரத்தின் பலம் அரசு வழக்கறிஞர் கையில். கென்டக்கியில் ஒருவர் 88 டாலர் 30 சென்ட் மோசடிக் காசோலைக்கு மாட்டினார். ஒப்புக்கொள், ஐந்து வருடம். மறுத்தால் பழைய குற்றங்களையும் சேர்த்து ஆயுள் தண்டனை கேட்பேன் என்றார் அரசு வழக்கறிஞர். மறுத்தார், ஆயுள் தண்டனை கிடைத்தது. 1978-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அது சரி என்றது. பென்சகோலா இளைஞருக்கும் பத்து வருடப் பேரம் வந்தது. தான் கொலை செய்யவில்லை என்று நம்பி அதை மறுத்தார். விசாரணை கேட்பது உரிமை என்றால், அதைக் கேட்டதற்கு இவ்வளவு விலை இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நம்மவர்களுக்கு இதில் தனியாக ஓர் ஆபத்து உண்டு. எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர், ‘சின்னக் கேஸ், ஜெயில் கிடையாது, ஒப்புக்கொண்டு போய்விடலாம்’ என்ற பேச்சைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டால், தண்டனை முடிந்தாலும் குடியேற்றச் சட்டம் விடாது. ஹோண்டுராஸில் பிறந்து 40 வருடத்துக்கு மேல் கிரீன் கார்டில் இருந்த, வியட்நாம் போரில் பணியாற்றிய ஒருவர், இவ்வளவு காலம் இருந்துவிட்டீர்கள், கவலை வேண்டாம் என்ற வக்கீலின் பேச்சை நம்பிக் கஞ்சா கடத்தல் வழக்கில் ஒப்புக்கொண்டார். நாடுகடத்தல் ஏறக்குறைய கட்டாயம் என்பது பிறகுதான் தெரிந்தது. 2010-இல் உச்ச நீதிமன்றம், இதை முன்கூட்டியே எச்சரிப்பது வக்கீலின் கடமை என்றது. ஆகவே கையெழுத்துக்கு முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த இன்னொரு வக்கீலிடமும் காட்டுங்கள். எவ்வளவு தண்டனை என்று எழுதப் போகிறார்கள் என்று கேளுங்கள். திருட்டு வழக்கில் ஒரு வருடம் என்று எழுதி முழுவதையும் நிறுத்திவைத்து, ஒரு நாள்கூடச் சிறைக்கு அனுப்பாவிட்டாலும், குடியேற்றச் சட்டத்தின் கணக்கில் அது ‘அக்ரவேட்டட் ஃபெலனி’, அதாவது நாடுகடத்தலுக்கு வழிவகுக்கும் கடுங்குற்றம். இந்த ஒரு நாள் வித்தியாசத்துக்காகவே வாஷிங்டன், கலிஃபோர்னியா, நியூயார்க் மாநிலங்கள் சிறு குற்றங்களுக்கான உச்சபட்சத் தண்டனையை 365 நாளிலிருந்து 364 நாளாகக் குறைத்திருக்கின்றன.